விளக்கு விருதுக்கு நடுவராகப் போகிறவனுக்கு

கார்த்தி,

நேற்று சாயங்காலம் நீ ஹாலில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், "என்னத்தப் பாத்தும்மா மார்க் போடறது? எல்லாருமே நல்லாத்தான் பண்ணியிருக்காங்க" என்று கேட்டாய். நான் "போடா, என்னைப் போய் கேக்கற" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பதில் தெரியாமல் போகவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று தெரிந்ததால் போனேன். வியாழக்கிழமை நீ டெல்லிக்குக் கிளம்புகிறாய். விளக்கு வடிவமைப்புக்கு வருடாவருடம் கொடுக்கிற விருதுக்கு இந்த முறை நீயும் ஒரு நடுவர். நேரில் சொன்னால் "சரிம்மா, விடும்மா" என்று பாதியில் எழுந்துவிடுவாய். முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் யார் யாருக்கோ கடிதம் அடித்தவள், பெற்ற பிள்ளைக்கு ஒன்று எழுதினால் என்ன என்று தோன்றியது. விமானத்தில் படி. அங்கே எழுந்து போக இடம் கிடையாது.

என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்பது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படித்தாய், சரி. அப்புறம் நகரத்துக்குள் ஒரு சின்ன கம்பெனியில் 'லைட்டிங் டிசைனர்' என்று சேர்ந்தாய். நம் சேலையூர் காலனியில் எதிர் வீட்டு அம்மா, "பையன் லைட்டு கடையிலயா இருக்கான்?" என்று கேட்டபோது, நான் அவசரமாக "இல்லங்க, இன்ஜினீயரு" என்றேன். நீ கேட் பக்கத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். காதில் விழுந்திருக்கும். அன்று மட்டுமில்லை, அதற்குப் பிறகும் எத்தனையோ பேரிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன். ஒரு அறையில் விளக்கு எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு இருக்க வேண்டும், எங்கே இருக்கவே கூடாது என்று யோசிப்பதற்கு ஒருவன் ஏழு மணிக்கு எழுந்து தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்துப் போக வேண்டுமா என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் கோவளம் விடுதி வேலை வந்தபோதுதான் கொஞ்சம் கண் திறந்தது. கடற்கரையோரம் பெரிய விடுதி. அவர்கள் கடலைப் பார்த்து வரிசையாகப் பெரிய விளக்குகள் வேண்டும் என்று கேட்டார்கள். நீ ஞாயிற்றுக்கிழமைகளில்கூட பஸ் பிடித்துக் கோவளம் போய், மீன் விற்கும் இடத்தில் படகுக்காரர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருவாய். சட்டையெல்லாம் மீன் வாசனை. முட்டையிலிருந்து வெளியே வருகிற ஆமைக்குஞ்சு வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் போகும், கரையில் விளக்கு போட்டால் கடலுக்குப் போகாமல் ரோட்டுப் பக்கம் வந்து செத்துப்போகும் என்று அவர்கள் சொன்னதை, சோறு ஆறிப்போவது தெரியாமல் எனக்குச் சொன்னாய். முழங்கால் உயரத்துக்கு மேல் வெளிச்சம் போகாத விளக்கு, கடல் பக்கம் சிந்தாத விளக்கு என்று நாலு மாதம் உழைத்தாய். அந்த விடுதிக்கு விருது கிடைத்தது. உன் முதலாளி மேடையில் ஏறி, "மீனவர்களோடு உட்கார்ந்து பேசியபோது எனக்கு இந்த யோசனை வந்தது" என்று சொன்னார். அவர் கோவளத்தில் இறங்கியே பார்த்ததில்லை. சான்றிதழில் அவர் பெயர் மட்டும்.

மறுநாள் நீ சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, விருது கொடுத்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினாய். அனுப்புவதற்கு முன் எனக்குப் படித்துக் காட்டினாய். கோபமே இல்லாத கடிதம் அது. இந்த யோசனை எப்படி வந்தது, யார் யார் வேலை செய்தார்கள், கூட இருந்த இரண்டு பேர் பெயர், அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "வம்பு வேணாம்டா. பேரா சோறு போடுது? வேலை கையில இருக்குல்ல." அப்புறம் அந்தக் கடிதத்தை அழித்துவிட்டு, லேப்டாப்பை மூடிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு இரண்டு வருடம் உன் வேலையைப் பற்றி என்னிடம் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டையில் எந்த வாசனை வந்தாலும் ஏன் என்று சொல்லமாட்டாய்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரு காலத்தில் ஓய்வூதிய மனுக்கள் மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கும். வயதானவர்கள் வராந்தாவில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்கள். நான் ஒரு புது முறை எழுதிக் கொடுத்தேன். மனுப் படிவத்தையே மாற்றி, எந்த மேஜையில் எத்தனை நாள் இருக்கலாம் என்று ஒரு கட்டம் போட்டேன். அது நன்றாக வேலை செய்தது. பாராட்டுக் கடிதம் என் மேலதிகாரி பெயருக்கு வந்தது. அவர் அதைச் சட்டம் போட்டு என் மேஜைக்கு எதிரே இருந்த சுவரிலேயே மாட்டினார். பதினோரு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே டைப் அடித்தேன். உலகம் இப்படித்தான் என்று பழகிவிட்டது. பழகிப்போனதை அனுபவம் என்று நினைத்து உனக்கு எடுத்துக் கொடுத்தேன். உனக்கு நல்லது சொல்வதாகத்தான் நினைத்தேன். உள்ளே பார்த்தால், எனக்குக் கிடைக்காதது உனக்கும் கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று ஒரு மூலையில் இருந்திருக்கிறது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

அப்புறம் என் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்டன. அதற்குள் நீ அந்தக் கம்பெனியை விட்டு, மாடி அறையில் சொந்தமாக வேலை ஆரம்பித்திருந்தாய். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், கோவிலம்பாக்கத்தில் அந்த டிரஸ்ட் நடத்துகிற டயாலிசிஸ் சென்டர். கீழே மருந்துக்கடை, மேலே பத்துக் கட்டில். என் இடது கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை அசைக்கக் கூடாது. மல்லாந்து படுத்தால் நேரே முகத்துக்கு மேல் இரண்டு டியூப்லைட், அதில் ஒன்று துடித்துக்கொண்டே இருக்கும். எல்லோரும் கைக்குட்டையோ துண்டோ எடுத்து முகத்தை மூடிக்கொண்டு படுத்திருப்போம். முதல் நாள் உள்ளே வந்த நீ அதைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றாய். பத்துப் பேர் முகத்தை மூடிக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தால் எப்படி இருக்கும்!

மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. நீ செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி மல்லாந்து படுத்துவிட்டாய். டெக்னீஷியன் ஜெயந்தி ஓடி வந்தாள். "சார், எழுந்துருங்க சார். அது அடுத்த பேஷண்ட்டுக்குப் போட்ட பெட்ஷீட்டு!" அதற்கு அடுத்த கட்டிலிலிருந்து முனுசாமி அண்ணன் முகத்துண்டை விலக்கிப் பார்த்தார். கோவிலம்பாக்கத்துப் பழைய குடும்பம். அவர் அப்பா நெல் விதைத்த நிலத்தில்தான் அந்தக் கட்டடமே நிற்கிறது. கட்டடத்துக்குச் சொந்தக்காரரும் அவர்தான், அதே மாடியில் நோயாளியும் அவர்தான்.

"இன்னா தம்பி, மேல இன்னா கீது? பல்லியா?"

"லைட்டு கண்ணக் குத்துதுண்ணா."

"அது சரி. ரெண்டு வருசமா நாங்க அதத்தான் பாத்துகினு கீறோம். கண்ண மூடுனாலும் உள்ள வெள்ளையாவே கீதுபா."

"மாத்திடலாமாண்ணா? சுவத்துல கொஞ்சம் துளை போடணும்."

"என் சுவருதான. போடு."

இரண்டு மாதத்தில் மாற்றினாய். டிரஸ்ட்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். டியூப்லைட் எல்லாம் போய், சுவரோரமாக மறைத்து வைத்த மஞ்சள் விளக்குகள், மங்கலாக, இதமாக. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் "ஆ!" என்றார்கள். நீ கேட்டாய், எப்படிம்மா இருக்கு என்று. சூப்பரா இருக்குடா என்றேன். அடுத்த புதன்கிழமை ஜெயந்தி எனக்கு ஊசி போட்டபோது நரம்பு தெரியாமல், ஊசி ரத்தக்குழாயைத் துளைத்து வெளியே போய்விட்டது. முழங்கைக்கு மேலே பந்து மாதிரி வீங்கி, நீலமாகிவிட்டது. அன்று டயாலிசிஸ் நடக்கவில்லை. ஜெயந்தி ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினாள். "மன்னிச்சிடுங்கம்மா, எனக்கு நரம்பே தெரியலம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, உன் பக்கம் திரும்பினாள். "சார், பாக்க ஓட்டல் மாதிரி சூப்பரா இருக்கு. ஆனா இங்க யாரும் சாப்பிட வரல சார். நான் ஊசி போடணும். ரத்தம் கசிஞ்சா எனக்குத் தெரியணும். இதுல ரத்தம் கறுப்பாத் தெரியுது."

வீட்டுக்கு வந்து நீ என் கையில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நாளைக்கே பழைய டியூப்லைட்ட மாட்டிடறேன்மா" என்றாய். பழைய நானாக இருந்தால், சரிடா, எதுக்கு வம்பு என்றுதான் சொல்லியிருப்பேன். நாக்கு வரைக்கும் வந்தது. என்னவோ, அன்று வேறு வார்த்தை வந்தது.

"என்ன வேணும்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டியா?"

"இல்ல."

"படுத்துட்டு இருக்கறவங்ககிட்ட?"

"உன்கிட்ட கேட்டேனேம்மா."

"நான் உன் அம்மாடா. நல்லா இருக்குன்னுதான் சொல்லுவேன்."

நீ நிமிர்ந்து பார்த்தாய். ரொம்ப நாளைக்கு அப்புறம் உன் வேலையைப் பற்றி நாம் பேசினோம் என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. மறுநாளிலிருந்து நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கையைத்தான் அசைக்கக் கூடாது, இன்னொரு கை சும்மாதானே இருக்கிறது. இரண்டு வாரம் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினேன். ஒருத்தருக்கு பேப்பர் படிக்க வேண்டும். இன்னொரு அம்மாவுக்குத் தூங்கினால் போதும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், "ரொம்ப இருட்டாக்கிடாதீங்கம்மா, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாராவது என் மூஞ்சியப் பாக்கணும்ல" என்றார். அதை எழுதும்போது என் பேனா நின்றது. ஜெயந்திக்கு ஊசி போடும்போதும் எடுக்கும்போதும் பகல் மாதிரி வெளிச்சம் வேண்டும், நடுவில் வேண்டாம். எல்லாவற்றையும் ஆபீஸ் முறைப்படி டைப் அடித்து உன்னிடம் கொடுத்தேன். நீ அதை வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய். வெளிச்சம் கூரையில் பட்டு இறங்கி வந்தது, எங்கள் கண்ணில் எந்த விளக்கும் தெரியவில்லை, ஆனால் எல்லார் முகமும் தெரிந்தது. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஜெயந்தி இழுத்து வைத்துக்கொள்ள, ரத்தத்தை ரத்த நிறத்திலேயே காட்டுகிற ஒரு விளக்கு. அப்புறம் எங்களுக்கு ஆளுக்கொரு சுவிட்ச், அவரவர் தலைமாட்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள. முனுசாமி அண்ணன் முதல் நாள் முழுக்க அதைத் திருகிக்கொண்டே இருந்தார். "என் வூட்ல ரிமோட்டு கூட என் கையில குடுக்க மாட்டானுங்கமா" என்றார்.

உன் நண்பர்கள் வற்புறுத்தித்தான் அதை விருதுக்கு அனுப்பினாய். போட்டோகிராபர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கட்டில்களைக் காலியாக வைத்து, மெஷின்களை ஓரம் தள்ளி எடுத்த படங்கள் அவ்வளவு அழகாக இருந்தன. நீ அவற்றை அனுப்பவில்லை. எங்களிடமெல்லாம் அனுமதி கேட்டு, நாங்கள் படுத்திருக்கும்போது, படுத்திருக்கிறவர்களின் பார்வையிலிருந்து போனில் எடுத்த சுமாரான படங்களை அனுப்பினாய். படிவத்தில் 'குழுவில் இருந்தவர்கள்' என்று ஒரு இடம். அதில் ஜெயந்தி பெயரையும், வயரிங் செய்த எலெக்ட்ரீஷியன் பெயரையும் எழுதிவிட்டு, என் பெயரையும் எழுதினாய். நான் பதறிவிட்டேன். "என் பேரு எதுக்குடா? யாராவது கேட்டா? அம்மா பேரப் போட்டுருக்கான்னு சிரிக்க மாட்டாங்களா?" என்றேன். நீ திரும்பவே இல்லை. டைப் அடித்துக்கொண்டே சொன்னாய். "அன்னைக்கு நீ சொன்னதக் கேட்டேன்மா. இன்னைக்குக் கேக்க மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாய். அதற்குப் பிறகு காபி கேட்டாய். நான் சமையலறைக்குள் போய், பால் பொங்குகிற வரைக்கும் அழுதேன். உனக்குத் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்திருக்கும்.

இறுதிச் சுற்றுக்கு வந்தவற்றைப் பார்வையிட ஒரு பெண் நடுவர் வந்தார், பெங்களூரிலிருந்து. ஐம்பது வயதிருக்கும், நல்ல தமிழ் பேசினார். உன்னிடம் ரொம்பப் பேசவில்லை. நேராக ஜெயந்தியிடம் போய், "இதுல எது சரியில்ல?" என்று கேட்டார். ஜெயந்தி உன்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அப்புறம் சொல்லிவிட்டாள். "சுவிட்ச் எல்லாம் வலது பக்கம் இருக்கு மேடம். வலது கையில ஊசி போடறவங்க மூணு பேர் இருக்காங்க. அவங்களால அந்தக் கைய அசைக்க முடியாது. அவங்களுக்கு அது எட்டாது." எனக்கும் முனுசாமி அண்ணனுக்கும் இடது கையில் ஊசி. அதனால் எங்களுக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு வாரம் நோட்டும் கையுமாக இருந்த எனக்கே தோன்றவில்லை. நீ மறைக்கப் பார்க்கவில்லை. "எனக்கும் இப்பத்தான் மேடம் தெரியுது" என்றாய். அவளிடம், "ஏன் ஜெயந்தி முன்னாடியே சொல்லல?" என்று கேட்டாய். "நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க சார்" என்றாள் அவள். அந்த வாரமே எல்லாக் கட்டிலிலும் இரண்டு பக்கமும் நகர்த்தி மாட்டுகிற மாதிரி மாற்றிவிட்டாய்.

பெரிய விருது நமக்கு வரவில்லை. வடக்கே ஏதோ ஆற்றுப் பாலத்துக்குப் போனது. நமக்குக் கிடைத்தது சிறப்புப் பாராட்டு. அந்த வருடம் விழா பெங்களூரில், அன்று எனக்கு மாலை ஷிஃப்டில் டயாலிசிஸ். வர முடியவில்லை. வார்டில் இன்னொரு டெக்னீஷியன் தன் போனை மருந்து பாட்டில் மாட்டுகிற ஸ்டாண்டில் கட்டி வைத்துவிட்டாள். பத்துப் பேரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தோம். நீ ஜெயந்தியை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஏறினாய். அவள் பட்டுப்புடவையில், யாரோ துரத்துகிற மாதிரி வேகமாக நடந்தாள். ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள். கடைசியில் என் பெயர். அதைப் படித்தவர் என் பெயரை இரண்டாக உடைத்து, தப்பான இடத்தில் அழுத்தினார். "இன்னாமா, உன் பேர இப்டி கடிச்சித் துப்பறான்!" என்று முனுசாமி அண்ணன் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் எப்படிப் படித்தால் என்ன? நான் செய்த வேலைக்காக என் பெயரை யாரோ ஒருவர் பொது இடத்தில் சத்தமாகப் படித்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு பல்லாவரத்திலிருந்தும் மேடவாக்கம் பக்கத்திலிருந்தும் இரண்டு சென்டர்காரர்கள் வந்து கேட்டதும், நீ இரண்டு இடத்திலும் முதலில் டெக்னீஷியன்களைத் தேடிப் போனதும் உனக்கே தெரியும். இப்போது நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். விருது என்றால் ஒரு பொம்மை, ஒரு சான்றிதழ் என்று நினைத்திருந்தவள் நான். அந்த நடுவர் கேட்ட ஒரு கேள்வியால் மூன்று பேருக்கு சுவிட்ச் கைக்கு எட்டியது. அதைவிடப் பெரிய விருதா வேண்டும்? நீயும் அந்தக் கேள்வியைக் கேள். அழகான படங்கள் வரும். அதில் யாருமே இல்லையென்றால், இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யோசி.

இன்னொன்று. உன் பழைய முதலாளியும் இந்த முறை ஒன்று அனுப்பியிருக்கிறார் என்று நீ போனில் பேசியதை வைத்துத் தெரிந்துகொண்டேன். அவரிடம் வேலை பார்த்தவன் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் மார்க் போடாமல் ஒதுங்கிக்கொள். பழைய கணக்கை அங்கே வைத்துத் தீர்க்காதே. ஆனால் ஒன்று செய்யலாம். அந்தப் படிவத்தில் குழுவின் பெயர்களை எழுதுகிற இடத்தில் 'விரும்பினால்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைக் கட்டாயம் என்று மாற்றச் சொல். ஒரு படிவத்தில் ஒரு வார்த்தை மாறினால் எத்தனை பேருக்கு என்னவெல்லாம் மாறும் என்று, வாழ்நாள் முழுக்கப் படிவம் அடித்த எனக்குத் தெரியும். முதல் வருடத்திலேயே கேட்கமாட்டார்கள். மறுபடி எழுது. இந்தத் தடவை எழுதியதை அழிக்கச் சொல்ல நான் பக்கத்தில் வந்து உட்கார மாட்டேன்.

அன்று நான் சொன்னதற்காக என்னை மன்னித்துவிடு. நீ எப்போதோ மன்னித்துவிட்டாய் என்று தெரியும். ஆனாலும் கேட்காமல் வாங்கிக்கொள்வது சரியில்லை.

திங்கட்கிழமை சென்டருக்கு ஒரு பெண் புதிதாக வந்தாள். பள்ளிக்கரணையிலிருந்து வருகிறாள். இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். முதல் தடவை. கட்டிலில் ஏறும்போதே வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். புருஷனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஜெயந்தி விளக்கை இழுத்து வைத்து, பேசிக்கொண்டே, ஒரே தடவையில் ஊசி போட்டாள். "நாலு மணி நேரம் எப்படி ஆன்ட்டி?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவள் கூரையைப் பார்த்தபடியே பேசினாள், பேச்சு மெதுவாகிக்கொண்டே வந்தது, அப்படியே தூங்கிவிட்டாள். முகம் நன்றாகத் தெரிந்தது. நான் என் பாட்டுக்குப் பேப்பர் படித்தேன். ஜெயந்தி வந்து அவள் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு விழித்து, மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்ன ஆன்ட்டி, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

நல்லபடியாகப் போய்விட்டு வா.

அம்மா